அமெரிக்கச் சன்ஃபிஷ் வளர்க்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? படிப்படியாக ஒரு கணக்கு

நான் முதலில் வளர்த்த சன்ஃபிஷ், புளூகில் என்ற இனம், கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. வீட்டில் 20 கேலன் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது, அதில் விட்டேன். துணைக்கு மின்னோ என்கிற சிறுமீன்கள் நாலைந்து. ஒன்றரை வருடத்தில் புளூகில் உள்ளங்கையை நிரப்பும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. மின்னோக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எங்கே போயின என்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. யார் கிட்டே போனாலும் அது கண்ணாடியை முட்டும். "எவ்வளவு சுறுசுறுப்பு பார்" என்று வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். திரும்பக்கூட இடமில்லாமல் அது தவிக்கிறது என்பது உறைக்கவே பல மாதம் ஆயிற்று.

அந்தத் தவறை நீங்களும் செய்யாமலிருக்கத்தான் இது. அமெரிக்காவில் இருந்துகொண்டு, அந்தந்தப் பகுதி ஏரி, ஓடைகளில் இயல்பாக வாழும் சன்ஃபிஷ்களை வீட்டில் வளர்க்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கடலில் வட்டத் தட்டு மாதிரி மிதக்கும் பிரம்மாண்டமான மோலா மோலாவையும் சன்ஃபிஷ் என்பார்கள். அது வேறு. நான் சொல்வது சென்ட்ரார்கிடே குடும்பத்து நன்னீர் மீன்களை. வட அமெரிக்காவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத குடும்பம் இது. அதிலும் ஏறக்குறைய எல்லா இனங்களும் ராக்கி மலைகளுக்குக் கிழக்கேதான். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பெர்ச் ஒன்றுதான் விதிவிலக்கு. நிறத்தில் வெப்பமண்டல மீன்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவை அல்ல. இனப்பெருக்கக் காலத்து லாங்இயர் ஆணை ஒருமுறை பார்த்தால், இது ஓஹாயோ ஓடையில் பிடித்தது என்று சொன்னாலும் நம்பமாட்டீர்கள்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்தச் சன்ஃபிஷ்?

"சன்ஃபிஷுக்கு எத்தனை கேலன்?" என்ற கேள்விக்கு 5 என்றும் பதில் சொல்லலாம், 125 என்றும் சொல்லலாம். இரண்டும் சரியாக இருக்கும். ஆகவே முதலில் இனம்.

தொட்டிக் கணக்குக்காக நான் இவற்றை நான்காகப் பிரித்துக்கொள்வேன்.

பெரியவை: புளூகில், பம்ப்கின்சீட், கிரீன் சன்ஃபிஷ், ரெட்இயர், ரெட்பிரெஸ்ட், வார்மௌத். இவை சாதாரணமாக 6 முதல் 8 அங்குலம், சில அதற்கும் மேல். புளூகில் எவ்வளவு வளரும் என்பதற்கு ஓர் எல்லைக்கல் உண்டு: 1950-இல் அலபாமாவின் கெடோனா ஏரியில் பிடித்தது 4 பவுண்டு 12 அவுன்ஸ். உங்கள் தொட்டியில் அப்படி ஆகாது. ஆனால் "சின்ன மீன்தானே" என்ற எண்ணம் வரும்போது அந்த எடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுத்தரமானவை: லாங்இயர் வகைகள், 4 முதல் 6 அங்குலம்.

சிறியவை: டாலர் சன்ஃபிஷ், ஆரஞ்சுஸ்பாட்டட், பான்டம் ஆகியவை 3 முதல் 4 அங்குலம். புளூஸ்பாட்டட், பேண்டட், பிளாக்பேண்டட் என்கிற எனியாகாந்தஸ் பேரினத்து மூன்றும் பெரும்பாலும் 3 அங்குலத்தை ஒட்டி நின்றுவிடும்.

குட்டிகள்: பிக்மி சன்ஃபிஷ்கள், ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம். பெயரில் சன்ஃபிஷ் இருந்தாலும் இவற்றை எலாசோமாடிடே என்று தனிக் குடும்பமாக வைத்திருக்கிறார்கள்.

குஞ்சாக இருக்கும்போது முதல் இரண்டு கூட்டத்தையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். எல்லாமே சாம்பல் உடம்பில் மங்கலான செங்குத்துக் கோடுகளோடு ஒரே மாதிரி இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் செவுள் மூடியின் பின்னால் நீளும் மடலைப் பாருங்கள். ஓரத்தில் வேறு நிறமே இல்லாமல் முழுக் கறுப்பாக இருந்து, முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கரும்புள்ளியும் இருந்தால் புளூகில். மடல் நுனியில் சிவப்பு அல்லது ஆரஞ்சுப் பொட்டு இருந்து, கன்னத்தில் நீல வரிகள் நெளிந்தால் பம்ப்கின்சீட். வாய் பெரியதாக, துடுப்புகளின் விளிம்பு மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருந்தால் கிரீன். மடல் நீண்டு, வெளிறிய ஓரத்தோடு இருந்தால் பெரும்பாலும் லாங்இயர்.

இதில் இன்னொரு சிக்கல், இவை ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிக்கும். கிரீனும் புளூகில்லும் சேர்ந்த கலப்பினத்தைக் குளத்தில் விடுவதற்கென்றே மீன் பண்ணைகள் விற்கின்றன. அதனால் அடையாளம் உறுதியாகும்வரை பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். தொட்டி பெரிதாகப் போனதால் எந்த மீனும் செத்ததில்லை.

படி 2: "அங்குலத்துக்கு ஒரு கேலன்" சூத்திரத்தை மறந்துவிடுங்கள்

கடைக்காரர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் கணக்கு: மீனின் நீளம் எத்தனை அங்குலமோ அத்தனை கேலன். விரல் நுனி அளவு டெட்ராக்களுக்கு எப்படியோ ஒப்பேறிவிடும். சன்ஃபிஷிடம் செல்லாது.

மீனின் நீளம் இரண்டு மடங்கானால் அகலமும் தடிமனும் சேர்ந்தே இரண்டு மடங்காகின்றன. 2 அங்குலக் குஞ்சு 8 அங்குலமாகும்போது நீளம் நான்கு மடங்கு. உடல் எடை ஏறக்குறைய 4 × 4 × 4, அதாவது 64 மடங்கு. அது தின்பதும் கழிப்பதும் எடையின் பக்கம்தான் சாயும். எட்டு கேலன் தண்ணீரில் 8 அங்குலப் புளூகில்லை வைப்பது வாளியில் வைப்பதற்குச் சமம்.

படி 3: கேலனைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஜிலேபிக் கெண்டை ஆண் குளத்தடியில் வட்டமாகக் குழி பறிப்பதை ஊரில் பார்த்திருப்பீர்கள். சன்ஃபிஷ் ஆணும் அப்படித்தான். வாலால் மணலையும் கூழாங்கல்லையும் விசிறித் தள்ளி, தட்டு மாதிரி ஒரு குழி செய்யும். ஜிலேபிக் கெண்டையின் பெண் முட்டையை வாயில் வாங்கிக்கொள்ளும். இங்கே முட்டை குழியிலேயே கிடக்கும், ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் நிற்கும். வேறெந்த மீன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் பாய்ந்து விரட்டும். தொட்டியில் பெண்ணே இல்லாவிட்டாலும் ஆண் குழி பறிக்கும், எல்லை போடும். அந்த எல்லை தரையில் விழுகிறது. தலைக்கு மேலே எத்தனை அங்குலம் தண்ணீர் நின்றாலும் விரட்டப்படும் மீனுக்கு அதனால் பிரயோசனம் கொஞ்சம்தான்.

அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் வழக்கமான அளவுகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். எல்லாம் அங்குலத்தில், நீளம் × அகலம் × உயரம்:

- 10 கேலன்: 20 × 10 × 12
- 20 லாங்: 30 × 12 × 12
- 29 கேலன்: 30 × 12 × 18
- 40 பிரீடர்: 36 × 18 × 16
- 55 கேலன்: 48 × 13 × 21
- 75 கேலன்: 48 × 18 × 21
- 125 கேலன்: 72 × 18 × 21

20 லாங்கையும் 29-ஐயும் ஒப்பிடுங்கள். இரண்டின் தரையும் 360 சதுர அங்குலம். கூடுதல் 9 கேலனுக்குக் கொடுக்கும் காசெல்லாம் உயரத்துக்குப் போகிறது. அடுத்தது இன்னும் வேடிக்கை. 40 பிரீடரின் தரை 648 சதுர அங்குலம், 55-இன் தரை 624. பதினைந்து கேலன் குறைவான தொட்டியில் தரை அதிகம்! 55 கேலன் தொட்டி நீளமாக, கம்பீரமாகத் தெரியும். ஆனால் முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே 13 அங்குலம்தான். அதில் 8 அங்குல மீன் திரும்புவதைக் கற்பனை செய்துபாருங்கள். பின்பக்கம் ஒரு மரக்கட்டை வைத்தால் அதுவும் போச்சு. சன்ஃபிஷுக்காக 55 வாங்காதீர்கள் என்று கேட்பவர் எல்லோரிடமும் சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கிறது என்று பாதிப்பேர் அதைத்தான் வாங்குகிறார்கள்.

நான் பின்பற்றும் அளவுகோல் எளியது. தொட்டியின் அகலம், வளர்ந்த மீனின் நீளத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு. தொட்டியின் நீளம் குறைந்தது ஆறு மடங்கு. 8 அங்குலப் புளூகில்லுக்கு அகலம் 16, நீளம் 48 என்று வருகிறது. அதற்குப் பொருந்தும் முதல் தொட்டி 75 கேலன். 6 அங்குல லாங்இயருக்கு 12-உம் 36-உம் வருவதால் 40 பிரீடர். 4 அங்குல டாலருக்கு 8-உம் 24-உம். ஒற்றை மீனுக்கு 20 லாங் போதும்.

பழைய தொட்டியின் கொள்ளளவு தெரியாவிட்டால் அங்குலத்தில் அளந்து மூன்றையும் பெருக்கி 231-ஆல் வகுத்தால் அமெரிக்க கேலன் கிடைக்கும். சென்டிமீட்டரில் அளந்தால் 1000-ஆல் வகுக்க லிட்டர். ஒரு கேலன் 3.785 லிட்டர், 75 கேலன் என்பது ஏறக்குறைய 284 லிட்டர்.

படி 4: எத்தனை மீன்?

ஒன்று, அல்லது கூட்டம். இரண்டும் மூன்றும்தான் ஆபத்தான எண்கள்.

மேலே சொன்னவற்றில் எனியாகாந்தஸ் மூன்றையும் பிக்மிகளையும் தவிர மற்றவை எல்லாம் லெபோமிஸ் என்ற பேரினம். இரண்டு லெபோமிஸ் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று முதலாளியாகும். மற்றது மூலையில், ஃபில்டர் குழாயின் பின்னால், துடுப்பு கிழிந்து நிற்கும். மூன்று விட்டால் முதலில் ஒன்று சாகும், பிறகு மேலே சொன்ன கதை. ஆறு ஏழு இருந்தால் அடி பலருக்கும் பிரிந்துபோகும். எந்த ஒன்றையும் நாள் முழுக்கத் துரத்த முதலாளிக்குப் பொழுது இருக்காது. ஆனால் அத்தனை மீனுக்கும் இடம் வேண்டுமே. அங்கேதான் தொட்டி பெரிதாகிறது.

என் பரிந்துரை இப்படிப் போகும். கிரீன் சன்ஃபிஷ், வார்மௌத் என்றால் 75 கேலனில் ஒன்றே ஒன்று. வாய்க்குள் போகிற எதையும் விழுங்கும், போகாததை அடிக்கும். வளர்ப்பவரை அடையாளம் கண்டு நாய்க்குட்டி மாதிரி ஓடிவருவதும் இவைதான். ஒற்றை மீன் என்று குறைவாக நினைக்காதீர்கள். புளூகில், பம்ப்கின்சீட் கூட்டமாக வேண்டுமானால் 125-க்குக் கீழே யோசிக்க வேண்டாம். லாங்இயர் ஒன்றுக்கு 40 பிரீடர். கூட்டத்துக்கு 75, முடிந்தால் 125. டாலர், ஆரஞ்சுஸ்பாட்டட் ஐந்தாறுக்கு 40 பிரீடர் அழகாக அமையும்.

எனியாகாந்தஸ் மூன்றும் வேறு சாதி. கூச்ச சுபாவம், செடிகளுக்குள் மிதந்துகொண்டே இருக்கும். 20 லாங்கில் நெருக்கமாகச் செடி வளர்த்து ஐந்தாறு புளூஸ்பாட்டட்களை விட்டால் அந்தத் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். இவற்றை லெபோமிஸோடு சேர்க்கவே கூடாது, தொட்டி எவ்வளவு பெரிதானாலும்.

பிக்மிக்கு 5 கேலனில் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும், 10 கேலனில் சின்னக் கூட்டம். இங்கே தொட்டி அளவைவிடச் சாப்பாடுதான் தலைவலி: பெரும்பாலும் உயிருள்ள இரையைத்தான் தொடும். ஆர்ட்டீமியா குஞ்சு, டாஃப்னியா என்று பொடிப்பொடியான நீருயிர்களைத் தினமும் தயார் செய்யச் சலிக்காதவர்களுக்கு மட்டும். பெரிய தொட்டியில் விட்டால் இரை எங்கேயோ, மீன் எங்கேயோ என்று ஆகிவிடும். இந்த ஒரு வகைக்குத்தான் "சின்னதே நல்லது" என்பேன்.

கற்கள், வேர்க்கட்டைகளை அடுக்கும்போது ஒரு மீன் நிற்கும் இடத்திலிருந்து மறு ஓரம் தெரியாதபடி மறைப்புக் கொடுங்கள். பார்வை அறுந்தால் சண்டையும் பாதி அறும். இதனால் இருக்கும் தரைக்கே மதிப்புக் கூடுகிறது. சின்னத் தொட்டியைப் பெரிதாக்கும் மந்திரம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

படி 5: அழுக்கைக் கணக்கில் சேருங்கள்

இவை புழு, பூச்சி, நத்தை, சிறுமீன் தின்னும் மீன்கள். புரதம் அதிகம் தின்றால் அம்மோனியா அதிகம் வெளியேறும். ஃபில்டரிலும் மணலிலும் ஊறியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்தப் பாக்டீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். தொட்டி பெரிதென்றாலும் இந்தக் காத்திருப்புக்கு விலக்கில்லை. ஃபில்டரைப் பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு ஒரு படி மேலாக வாங்குங்கள். 75 கேலனுக்கு 100 கேலன் என்று எழுதியிருக்கும் கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் ஃபில்டர்.

வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 75-க்கு அது 25 கேலன், அதாவது ஐந்து கேலன் வாளியில் ஐந்து வாளி வெளியே, ஐந்து வாளி உள்ளே. ஒரு வாளி 40 பவுண்டுக்கு மேல். முதல் மாதம் உற்சாகமாகச் சுமப்பீர்கள். மூன்றாவது மாதம் முதுகு பேசும், கார்ப்பெட் நனைந்ததற்கு வீட்டில் வேறொருவர் பேசுவார். குழாயில் நேரடியாக மாட்டும் நீண்ட ஹோஸ் ஒன்றைத் தொட்டியோடு சேர்த்தே பட்ஜெட்டில் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை நீக்கும் மருந்து போடாமல் விடாதீர்கள்.

ஹீட்டர் பெரும்பாலும் வேண்டாம். அறை வெப்பமே போதும். கோடையில்தான் கவனம்: தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும், சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும். மூடி கட்டாயம். இவை தாவும்.

படி 6: தரை தாங்குமா?

ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 75 கேலனில் தண்ணீர் மட்டும் 625 பவுண்டு. கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 850-ஐத் தாண்டும். 125 கேலன் 1,400-ஐத் தொடும். அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைத் தரையைப் பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். 75 கேலன் தொட்டி நிற்பதோ 6 சதுர அடியில். அந்த இடத்தில் மட்டும் சதுர அடிக்கு 140 பவுண்டுக்கு மேல் இறங்குகிறது. உடனே தரை இடிந்து விழாது, அந்த 40 என்பது அறை முழுவதும் பரவிய சுமைக்கான கணக்கு. ஆனாலும் மரத்தரை வீட்டின் மேல்மாடியில் என்றால் சுமை தாங்கும் சுவரை ஒட்டி, தரைக்கடியில் ஓடும் உத்தரங்களுக்குக் குறுக்காக வையுங்கள். 125-க்குத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. கான்கிரீட் தரையுள்ள பேஸ்மென்ட் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை. அப்பார்ட்மென்ட்வாசிகள் குத்தகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். தொட்டிக்கு உச்சவரம்பு போட்டிருப்பார்கள்.

பேஸ்மென்ட் இருந்து காசு குறைவாக இருந்தால் ஒரு குறுக்குவழி: மாட்டுக்குத் தண்ணீர் காட்ட விற்கும் 100, 150 கேலன் பிளாஸ்டிக் தொட்டிகள். மேலேயிருந்து மட்டுமே பார்க்கலாம். ஆனால் தரை தாராளம், கண்ணாடித் தொட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

படி 7: தொட்டிக்கு முன்னால் சட்டம்

இவ்வளவு தள்ளி எழுதுகிறேனே தவிர, செய்ய வேண்டியது இதைத்தான் முதலில். இவற்றில் பல, தூண்டிலில் பிடிக்கும் விளையாட்டு மீன்கள் என்பதால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மீன்பிடி உரிமம் இருந்தாலே உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று அர்த்தமில்லை. பிளாக்பேண்டட் பல மாநிலங்களில் பாதுகாக்கப்பட்டது. அலபாமாவின் ஸ்பிரிங் பிக்மி சன்ஃபிஷ் 2013 முதல் மத்திய அரசின் அழிவாபத்துப் பட்டியலில் உள்ளது. உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் பார்த்து, சந்தேகமிருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். 1972 முதல் இயங்கிவரும் வட அமெரிக்க நாட்டுமீன்கள் சங்கத்தில் இதையே வாழ்க்கையாக வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதற்கும் தொட்டி அளவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. தொட்டி போதாமல் போகும் நாளில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை "ஏரியில் விட்டுவிடலாம்". தொட்டியில் இருந்த மீன் நோயைச் சுமந்துகொண்டு போகும். வேறு பகுதி மீன் என்றால் இன்னும் மோசம். 1960-இல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ மேயர் புளூகில்களை அன்பளிப்பாகக் கொடுத்தார். உணவு மீனாக வளர்க்கலாம் என்று ஆய்வு நிலையத்துக்குத் தந்தார் இளவரசர். அவை பரவி பிவா ஏரியின் நாட்டு மீன்களுக்குப் பெரும் பாதிப்பை உண்டாக்கின. 2007-இல், பேரரசராக இருந்தபோது, அதற்காக அவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். பம்ப்கின்சீட் 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடுருவும் அயல் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து படிப்பவர்கள் இந்த மீன்களை வரவழைக்க ஆசைப்பட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

படி 8: வாங்கும்போது

பெரிய தொட்டிகளைப் புதிதாக வாங்குவதைவிடப் பழையதாக வாங்குவது மேல். வீடு மாறுகிறவர்கள் 75 கேலனை ஸ்டாண்டோடு கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மூலைகளில் உள்ள சிலிக்கான் உரிந்திருக்கிறதா, கண்ணாடி விளிம்பில் விரிசல் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பேர் இல்லாமல் தூக்கப் போகாதீர்கள்.

கொண்டுவந்ததும் சமமான காராஜ் தரையில், அடியில் செய்தித்தாள் விரித்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். தாள் ஈரமானால் கசிவு எந்த மூலையில் என்று தெரிந்துவிடும். காய்ந்தே இருந்தால் வீட்டுக்குள் ஏற்றி, ஃபில்டரை ஓடவிட்டு, பாக்டீரியா பிடிக்கும் வாரங்களில் நிதானமாக இனத்தை முடிவு செய்யுங்கள். அப்பார்ட்மென்டில் இருந்துகொண்டு என்னைக் கேட்டால் 40 பிரீடரும் ஒற்றை லாங்இயரும் என்பேன். என் வீட்டில் இப்போது இருப்பது 75. அந்தப் பழைய புளூகில் இதில் இன்னும் நாலு வருடம் இருந்தது, கண்ணாடியை முட்டவில்லை.